டோரிஸ் டியூக்கின் கடைசி ஆறு வருஷம் மட்டும் போதுமா?

போன இதழில் எச்.பி.ஓ. என்ற அமெரிக்க டிவி சேனலில் வந்த ‘பெர்னார்ட் அண்ட் டோரிஸ்’ படத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். டோரிஸ் டியூக் என்ற வயதான கோடீஸ்வரி, அவரிடம் பட்லராக, அதாவது வீட்டு வேலையாட்களின் தலைவராக, வந்து சேரும் ஒரு அயர்லாந்துக்காரர், ஒரு பெரிய வீடு, அவ்வளவுதான் கதை. அந்த நாலு வரிக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவே இல்லை. அதனால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு முழுப் பகுதியையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் படத்தைப் பார்த்தேன் சார். ஆரம்பத்திலேயே ‘இதில் சில விஷயங்கள் உண்மை, சில உண்மை இல்லை’ என்கிற மாதிரி எழுத்துப் போடுகிறார்கள். எது உண்மை, எது கற்பனை என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வெளிச்சுவர் உண்மை, உள்ளே பேசுகிற பேச்சு கற்பனை என்று வைத்துக்கொள்ளுங்கள். டோரிஸ் டியூக் உண்மையான மனுஷி. அமெரிக்கப் புகையிலை அதிபர் ஜேம்ஸ் டியூக்கின் ஒரே மகள். பெர்னார்ட் லாஃபர்ட்டியும் உண்மை. அயர்லாந்தின் டோனிகால் பகுதியில் பிறந்து, அமெரிக்கா போய், பாடகி பெக்கி லீயிடம் வேலை பார்த்துவிட்டு 1987-இல் டோரிஸிடம் வந்து சேர்ந்தவர். அவருக்குக் குடிப்பழக்கம் இருந்ததும், டோரிஸ் தன் செலவில் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பியதும், ஆர்க்கிட் பூக்கள் மீது டோரிஸுக்கு இருந்த பைத்தியமும் நடந்த விஷயங்கள். 1993 ஏப்ரலில் கையெழுத்தான கடைசி உயிலில் தன் சொத்து முழுவதையும் நிர்வகிக்கும் பொறுப்பை டோரிஸ் இந்தப் பட்லரிடம்தான் கொடுத்தார். அதுவும் ஆவணத்தில் இருப்பது.

கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்பது யாருக்குத் தெரியும்? டோரிஸ் 1993 அக்டோபரில் போய்விட்டார், லாஃபர்ட்டி 1996 நவம்பரில் போய்விட்டார், வீட்டு வேலையாட்கள் வழக்கில் சொன்னது ஆளுக்கு ஒரு மாதிரி, அவர்களில் சிலருக்கு அந்த வழக்கால் பணம் வரவும் வாய்ப்பு இருந்தது. அந்த இடைவெளியில்தான் படத்தின் எழுத்தாளர் தன் வேலையைச் செய்திருக்கிறார். அதை மறைக்காமல் முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிட்டுக் கதைக்குப் போகிறார்களே, அந்த நேர்மைக்காகவே எனக்கு இந்தப் படம் பிடிக்கும். ‘உண்மைக் கதை’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு இஷ்டத்துக்குக் கட்டிவிடுகிற டிவி படங்கள் எத்தனை பார்த்திருக்கிறோம்!

முதல் காட்சிகளில் ஒன்றைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். காலைச் சாப்பாட்டுக்கு வைத்த முலாம்பழம் ரொம்பச் சில்லென்று இருக்கிறது, அதற்காக ஒரு பட்லரின் வேலை போகிறது. கத்தல் இல்லை, தட்டை வீசுவது இல்லை. அந்த அம்மாளின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பழத் துண்டை வைத்தே காட்டிவிடுகிறார்கள். தனக்கு என்ன பிடிக்கும் என்பதைக்கூட இத்தனை பேரில் ஒருவரும் கவனிக்கவில்லையே என்கிற கோபம் அது. பின்னால் லாஃபர்ட்டி எப்படி அவ்வளவு நெருங்கினார் என்பதற்கான விடை அங்கேயே இருக்கிறது. அவர் கவனித்தார்.

கேள்வி: சூசன் சரண்டனுக்கும் நிஜ டோரிஸுக்கும் துளியும் ஜாடை இல்லையே?

பதில்: இல்லைதான். நிஜ டோரிஸ் ஆறடிக்கும் மேல் உயரம், நீண்ட முகம். ஆனால் ஜாடையை நான் தேடவே இல்லை. பட்லராக நடிக்கும் ரால்ஃப் ஃபைன்ஸ் அறைக்குள் நுழையும்போது சரண்டன் தலையைத் திருப்பாமல், வந்தது யார் என்று தெரிந்துகொள்கிற அந்த உடல்மொழி போதும். இரண்டு பேருக்கும் டிவிக்கான எம்மி விருதுப் பரிந்துரை கிடைத்தது. படம் எடுத்த இடம் டோரிஸின் வீடு கிடையாது, லாங் ஐலண்டில் இருக்கும் ஓல்ட் வெஸ்ட்பரி கார்டன்ஸ் என்ற மாளிகை. அதுவும் ஒரு எஃகுத் தொழில் கோடீஸ்வரக் குடும்பம் வாழ்ந்த வீடுதான், அதனால் அந்தப் படிக்கட்டிலும் சன்னலிலும் செட் போட்ட வாசனை வரவில்லை.

கேள்வி: பட்லர் வருவதற்கு முன்னால் அந்த அம்மாள் என்ன செய்துகொண்டிருந்தார்? படத்தில் குடிக்கிறார், மாத்திரை போடுகிறார், ஆட்களை விரட்டுகிறார். அவ்வளவுதானா அவர் வாழ்க்கை?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பணக்கார வாரிசுகளைப் பற்றி டிவி எடுக்கிற படங்கள் மீது எனக்கு இருக்கும் ஒரே பெரிய மனத்தாங்கல் இதுதான். கணவன்மார், மருந்து, மரணம், உயில் என்று கடைசி அத்தியாயத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். 80 வருஷம் வாழ்ந்த ஒருவரின் கடைசி ஆறு வருஷத்தைப் பார்த்துவிட்டு ‘பாவம், பணம் இருந்து என்ன பிரயோஜனம்’ என்று நாம் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறோம்.

டோரிஸ் பிறந்தது 1912 நவம்பர் 22, நியூயார்க்கில். அப்பா ஜேம்ஸ் டியூக், சிகரெட் சுற்றும் இயந்திரத்தை 1880-களிலேயே நம்பி இறங்கி, அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியை ஏகபோகமாக வளர்த்து, 1911-இல் சுப்ரீம் கோர்ட் அதை உடைக்கும் அளவுக்குப் போனவர். பிறகு மின்சாரத் தொழிலிலும் சம்பாதித்தார். டியூக் பல்கலைக்கழகம் அவர் பணத்தில் எழுந்ததுதான். 1925-இல் அவர் இறந்தபோது டோரிஸுக்கு 12 வயது. உலகிலேயே பணக்காரப் பெண் என்று பத்திரிகைகள் அந்தக் குழந்தையைக் கூப்பிட ஆரம்பித்தன. 14 வயதில், குடும்பச் சொத்துக்களை அம்மா விற்கப் பார்க்கிறார் என்று அம்மா மேலேயே வழக்குப் போட்டு நிறுத்தினார். அந்த வயதில் தாயைக் கோர்ட்டில் எதிர்த்து நிற்க வேண்டி வந்த பெண், பிற்பாடு யாரையும் நம்பாமல் இருந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

1935-இல் முதல் கல்யாணம், ஜேம்ஸ் குரோம்வெல் என்பவரோடு. 1940-இல் ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்து, ஒரே நாளில் இறந்துபோனது. ஆர்டன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவருக்குக் குழந்தை இல்லை. போர்க்காலத்தில் எகிப்தில் கப்பல் தொழிலாளிகளுக்கான கேன்டீனில் வருஷத்துக்கு ஒரு டாலர் சம்பளத்துக்கு வேலை பார்த்தார், பிறகு ஐரோப்பாவில் ஒரு செய்தி நிறுவனத்துக்கு நிருபரானார், பாரீஸில் ஃபேஷன் பத்திரிகையில் எழுதினார். ஹவாய் தீவில் கஹானமோக்கு சகோதரர்களிடம் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டார், கற்றுக்கொண்டதோடு நிற்காமல் போட்டிக்கும் போனார். பெரிய வீட்டுப் பெண் பலகையோடு கடலுக்குள் போவதை 1930-களில் யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

அப்புறம் நியூபோர்ட். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கடலோர நகரம் அது. அங்கே 18-ஆம் நூற்றாண்டு மரவீடுகள் இடிந்து விழுந்துகொண்டிருந்தன. 1968-இல் ஒரு அறக்கட்டளை தொடங்கி, அந்த வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி, பழுது பார்த்து, 80-க்கும் மேற்பட்ட கட்டிடங்களைக் காப்பாற்றினார். ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ் அந்த அறக்கட்டளையின் துணைத் தலைவராக இருந்தார். இதெல்லாம் சும்மா செக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போகிற வேலை கிடையாது. இது எந்தப் படத்தில் வந்தது, சொல்லுங்கள்.

அவர் ரொம்ப நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. 1988-இல் 35 வயதுப் பெண் ஒருவரை மகளாகத் தத்தெடுத்துவிட்டு, கொஞ்ச காலத்திலேயே அவரைத் தள்ளிவைத்தார். அதே வருஷம் நியூயார்க்கில் வழக்கில் சிக்கிய, பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் மனைவி இமெல்டா மார்கோஸுக்கு 50 லட்சம் டாலர் ஜாமீன் கட்டினார். நல்லது கெட்டது எல்லாம் சேர்ந்த ஆள்தான். நான் கேட்பது முழு ஆளை.

கேள்வி: டோரிஸ் டியூக் இந்தியாவுக்கு வந்தாராமே?

பதில்: வந்தார், 1935-இல், தேனிலவுப் பயணத்தில். காந்தியைச் சந்தித்தார்கள். ஆக்ராவில் தாஜ்மகாலைப் பார்த்ததும் அவருக்கு அது மனசில் தங்கிவிட்டது. உடனே அந்த மாதிரி வேலைப்பாட்டில் ஒரு படுக்கையறையும் குளியலறையும் வேண்டும் என்று இந்தியாவிலேயே சொல்லிவைத்துவிட்டார். வெள்ளைப் பளிங்கைக் குடைந்து, அதில் கல்லை இதழ் இதழாக நறுக்கிப் பதித்துப் பூங்கொடி செய்வார்களே, அந்த வேலை. பளிங்கு ஜாலி பலகணிகளும் உண்டு. அதையெல்லாம் கப்பல் ஏற்றி ஹோனலூலுவுக்குக் கொண்டுபோய், கடலைப் பார்த்த மாதிரி ஒரு வீடு கட்டி அதில் பொருத்தினார்கள். அந்த வீட்டுக்கு ‘ஷாங்ரி லா’ என்று பெயர். ஈரான், சிரியா, மொராக்கோ, துருக்கி என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த இஸ்லாமியக் கலைப்பொருட்கள் அங்கே இருக்கின்றன. அதில் 1265-ஆம் ஆண்டு தேதி போட்ட ஒரு மிஹ்ராப், அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் சுவர் மாடம், இருக்கிறது. ஈரானின் வராமின் நகரத்து அடக்கத் தலம் ஒன்றிலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டு, கைமாறிக் கைமாறி வந்ததை 1940-இல் டோரிஸ் வாங்கினார். பொன் மினுக்கு ஓடுகள். அழகுக்குக் குறைவில்லை, ஆனால் தொழுகைக்காகச் செய்த பொருள் சொந்த இடத்தை விட்டு வந்திருக்கிறதே என்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

கேள்வி: நேரடியாகவே கேட்கிறேன். பட்லர்தான் அவரைக் கொன்றாரா?

பதில்: இல்லை என்றுதான் விசாரணை முடிந்தது. டோரிஸ் பெவர்லி ஹில்ஸ் வீட்டில் இறந்தார், ஒரே நாளுக்குள் தகனம் முடிந்து சாம்பல் கடலில் கரைக்கப்பட்டது, பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. பட்லருக்கோ உயிலில் 50 லட்சம் டாலர் கட்டணமும், ஆயுள் முழுக்க வருஷம் 5 லட்சம் டாலரும் எழுதியிருந்தது. இதைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். சொத்து 100 கோடி டாலரைத் தாண்டும். தத்துப் பெண், டாக்டர், பழைய வேலையாட்கள் என்று ஆளாளுக்குக் கோர்ட்டுக்கு வந்தார்கள். அளவுக்கு மீறி மார்ஃபின் கொடுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டும் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் அரசு வழக்கறிஞர் அலுவலகம் விசாரித்து, கொலை என்று நம்பத்தகுந்த ஆதாரம் எதுவும் இல்லை என்று 1996-இல் முடித்துவைத்தது.

லாஃபர்ட்டி சொத்தைக் கண்டபடி செலவு செய்தார் என்று நியூயார்க் நீதிபதி ஒருவர் 1995-இல் அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கினார். முறையான விசாரணை இல்லாமல் நீக்கியது தவறு என்று மேல் நீதிமன்றம் சொன்னது. கடைசியில் 1996-இல் சமரசம் பேசி, அவர் தானாகவே விலகிக்கொண்டார். அதே வருஷக் கடைசியில் 51 வயதில் இறந்தும்போனார். இவ்வளவு பணம் கைக்கு வந்தும் அவரால் அதை அனுபவிக்க முடியவில்லை. செய்தித்தாள்கள் அவரை வில்லனாகவே எழுதித் தீர்த்தன. படம் அப்படி எழுதவில்லை, அவருக்கும் ஒரு மனசு இருந்தது என்று காட்டுகிறது, இரண்டு வாய்ப்பையும் திறந்தே வைத்துவிட்டுப் போகிறது. எனக்கு அது சரி என்று படுகிறது.

கேள்வி: 1966 கார் சம்பவத்தை ஏன் படம் தொடவே இல்லை? பணக்காரர் என்பதால் மூடி மறைத்துவிட்டார்கள் என்று படித்தேன்.

பதில்: படம் நடப்பது 1987-க்குப் பிறகு, அதனால் தொடவில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் எனக்கு அது ஓட்டையாகத்தான் தெரிகிறது. 1966 அக்டோபர் 7 அன்று நியூபோர்ட்டில் அவருடைய ரஃப் பாயின்ட் மாளிகை வாசலில், அவரோடு பல வருஷம் வேலை பார்த்த வடிவமைப்பாளர் எட்வர்டோ டிரெல்லா இரும்புக் கதவைத் திறக்க இறங்கினார், ஸ்டியரிங்கில் இருந்த டோரிஸின் வண்டி பாய்ந்து, கதவையும் உடைத்து, அவரையும் நசுக்கிவிட்டது. சில நாட்களிலேயே போலீஸ் விபத்து என்று எழுதிவிட்டது. டிரெல்லாவின் குடும்பம் சிவில் வழக்குப் போட்டு ஜெயித்தது. 2021-இல் நியூபோர்ட் போலீஸ் மறுபடியும் கோப்பைத் திறந்து பார்த்தது, புதிதாக எதுவும் நடக்கவில்லை. ஆறு வருஷக் கதை என்றாலும் அந்த மனுஷரின் நிழல் ஒரு காட்சியிலாவது விழுந்திருக்க வேண்டும். செத்துப்போனவரும் ஒருவரிடம் வேலை பார்த்தவர்தானே, லாஃபர்ட்டி மாதிரியே.

கேள்வி: பார்பரா ஹட்டனும் இப்படித்தானே? அப்படியானால் பணமே சாபம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆறுதல் நமக்கு ரொம்பச் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. பார்பரா ஹட்டன் உல்வொர்த் கடைகளின் வாரிசு. டோரிஸுக்கு எட்டு நாள் முன்னால் அதே நியூயார்க்கில் பிறந்தவர். ஏழு கல்யாணம். டோரிஸும் பார்பராவும் ஒரே ஆளை, டொமினிக்கன் தூதரக அதிகாரி போர்ஃபீரியோ ருபிரோசாவை, ஆளுக்கு ஒரு தடவை கட்டியிருக்கிறார்கள்! டோரிஸ் 1947-இல், பார்பரா 1953-இல். டோரிஸ் தரப்பு வக்கீல்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொத்தில் பங்கு கேட்கமாட்டேன் என்று ருபிரோசாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பார்பரா கல்யாணம் இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. பார்பரா பணத்தை வாரி இறைத்துக் கரைத்தார், டோரிஸ் அப்பா வைத்துவிட்டுப் போனதைப் பல மடங்கு பெருக்கினார். ஒரே மாதம், ஒரே ஊர், ஒரே மாதிரி பணம், இரண்டு வேறு வாழ்க்கை. சாபம் என்று சொன்னால் இந்த வித்தியாசம் எங்கே போகும்?

பார்பரா கதையை 1987-இல் ஃபாரா ஃபாசெட்டை வைத்து டிவி தொடராக எடுத்தார்கள், கோல்டன் குளோப் விருதும் வாங்கியது. அவர் கதையைச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் 1937 டெட்ராய்ட்டையும் பார்க்க வேண்டும். அந்தப் பிப்ரவரியில் உல்வொர்த் கடையில் வேலை பார்த்த நூற்றுச் சொச்சம் இளம் பெண்கள் கடைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள், கல்லாவுக்குப் பின்னால் படுத்துத் தூங்கினார்கள், பார்பராவின் பெயரைச் சொல்லிப் பாட்டுக் கட்டினார்கள். ஒரு வாரத்தில் ஜெயித்தார்கள். பணம் கையில் வைத்திருந்தவருக்கு என்ன துன்பம் என்று கேட்கிறோம், அந்தப் பணத்தைக் கல்லாவில் வாங்கிப் போட்ட பெண்ணைப் பற்றி டிவி யோசிப்பதில்லை.

கேள்வி: செத்துப்போனவர்களைப் பற்றி இஷ்டத்துக்குப் படம் எடுக்கலாமா? குடும்பம் வழக்குப் போடாதா?

பதில்: அமெரிக்காவில் இறந்தவருக்காக அவதூறு வழக்குப் போட முடியாது, அந்த உரிமை ஆளோடு போய்விடும். உயிரோடு இருப்பவருக்கே கஷ்டம். நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட், தன்னைப் பாத்திரமாக வைத்து எடுத்த டிவி தொடர் மீது தன் 101-ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள் வழக்குப் போட்டார். கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் தொடர் எடுத்தவர்கள் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. அதனால்தான் எடுப்பவர்களின் மனசாட்சியை இவ்வளவு தூரம் பேசவேண்டியிருக்கிறது.

கேள்வி: இந்த வகையில் வேறு என்ன பார்க்கலாம்?

பதில்: டோரிஸ் கதையையே 1999-இல் லாரன் பகாலை வைத்துத் தொடராக எடுத்திருக்கிறார்கள், ரிச்சர்ட் சேம்பர்லின்தான் பட்லர். சம்பவங்கள் அதிகம், அமைதி குறைவு. அதைவிட 1982-இல் வந்த குளோரியா வாண்டர்பில்ட் தொடரைத் தேடிப் பாருங்கள். பத்து வயதுக் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று அம்மாவும் அத்தையும் 1934-இல் கோர்ட்டில் மோதிய கதை. அத்தையாக ஏஞ்சலா லான்ஸ்பரி, பாட்டியாக பெட்டி டேவிஸ். வாரநாட்களில் அத்தையிடமும், சனி ஞாயிறு அம்மாவிடமும் இருக்கட்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்தக் குழந்தை பின்னாளில் தன் பெயரில் ஜீன்ஸ் விற்றுச் சொந்தமாகச் சம்பாதித்து, 95 வயது வரை வாழ்ந்தது.

கேள்வி: அவ்வளவு சொத்தும் கடைசியில் யாருக்குப் போனது?

பதில்: பெரும்பகுதி அவர் பெயரிலான அறக்கட்டளைக்கு. கலை, மருத்துவ ஆராய்ச்சி, சுற்றுச்சூழல், குழந்தைகள் நலம் என்று இன்றும் செலவாகிறது. ஷாங்ரி லா 2002 முதல் அருங்காட்சியகம். நியூபோர்ட்டில் அவர் காப்பாற்றிய வீடுகளில் எழுபதுக்கும் மேல் இன்னும் அவர் 1968-இல் தொடங்கிய நியூபோர்ட் அறக்கட்டளையிடமே இருக்கின்றன, ஜனங்கள் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள்.

கேள்வி: உங்களிடம் கொடுத்தால் டோரிஸ் படத்தை எங்கே ஆரம்பிப்பீர்கள்?

பதில்: நியூ ஜெர்சியில் நட்லி என்ற ஊரில். அங்கே கறுப்பின மக்களின் பாப்டிஸ்ட் சர்ச் ஒன்றின் பாடகர் குழுவில் டோரிஸ் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் எல்லோரையும்விட உயரமாக ஒரு பெண், எல்லோரும் போட்டிருக்கும் அதே அங்கி, கை தட்டிக்கொண்டு, சுருதியைப் பிடிக்கப் பக்கத்தில் நிற்பவரின் வாயைப் பார்த்துக்கொண்டு. அவர் யார் என்று படத்தில் அரைமணி நேரத்துக்குச் சொல்லவே மாட்டேன்.